பெருங்காய டப்பாவில் மாத்திரை

பங்குனி 3, ஞாயிறு

காலையில் தஞ்சாவூரில் வலிப்பு நோய் விழிப்புணர்வு நடைக்குப் போய்வந்தேன். 'வலிப்பை மறைக்காதீர்கள்' என்ற அட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதை எழுதித் தந்தவள் என் மகள் செல்வி. தானும் வருகிறேன் என்றாள். வெயில் ஆகாது என்று தடுத்துவிட்டேன். வரன் பார்க்கிற நேரம், யார் கண்ணிலாவது பட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவளுடைய மாத்திரையைக்கூடப் பெருங்காய டப்பாவில்தான் வைத்திருக்கிறேன்.

பெரிய கோயில் பக்கம் வரும்போது, கூட நடந்த ஒரு அம்மா கேட்டார்: "உங்க வீட்ல யாருக்காச்சும் இருக்குங்களா?"

"இல்லீங்க. சும்மா ஒரு சேவைக்காக வந்தேன்."

"நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி ஓடி வந்தாள். "அம்மா, அங்க என்னைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்டி."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அப்ப மாத்திரைய இனிமே வெளியிலேயே வைக்கிறேம்மா" என்று எடுத்து, கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்தாள்.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் தூங்கியதும் அதை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெருங்காய வாடை போகவில்லை.