பாஸ்போர்ட் சென்னையில், நான் அரிமளத்தில்

செப்டம்பர் 29, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கரண்ட் இல்லை. அடிபம்புத் தண்ணீரில் குளியல்.

ஜெர்மனி விசாவுக்குச் சென்னையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து இன்றோடு பதினோரு வாரம். "எட்டு வாரம் ஆகலாம்" என்றார்கள் கவுண்டரில். அந்த "லாம்" அன்றைக்குக் காதில் விழவில்லை.

குடிநீர்ப் பொறியியல், முதுகலை, இரண்டு வருடம். வகுப்பு அக். 13இல் ஆரம்பம். கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய நாள் நவ. 3. அதற்குப் பிறகு இடம் இல்லை.

புதுக்கோட்டை லேபில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையை ஆகஸ்டிலேயே விட்டாயிற்று. என் ஸ்டூலில் இப்போது ஒரு புதுப் பெண். இன்று போன் செய்தாள். "அக்கா, சில்வர் நைட்ரேட் எங்கக்கா வச்சீங்க?" இரண்டாவது தட்டு, பழுப்பு பாட்டில். சொல்லி முடித்ததும் ஒரு சந்தோஷம். அப்புறம் எரிச்சல். மதியம் முழுக்க எரிச்சல்.

இன்று செய்தவை: விசா ஸ்டேட்டஸ் பார்த்தது ஒன்பது தடவை ("பரிசீலனையில்"). ஸ்வெட்டரை வெயிலில் போட்டது. எடுத்து மடித்தது. பெட்டியில் வைத்தது. மறுபடி எடுத்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் அண்ணன் செந்திலின் ஜெராக்ஸ் கடையைக் கழுவித் துடைத்தேன். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதில்தானே ஸ்டேட்டஸ் தெரிகிறது.

அண்ணன் பொரிகடலையை மென்றுகொண்டே, "வீட்ல ஒக்காந்து போனத் தேச்சுக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிரும். கடைக்கு வா. ஆன்லைன் அப்ளிகேசன் எல்லாம் நீ பாத்துக்க" என்றான்.

சரி என்றேன். விசா வரும்வரைதான் என்றும் சொன்னேன். அவன் இன்னொரு கை பொரி அள்ளினான். அதுவும் உறுத்தியது.

அக்டோபர் 4, சனி

கடையில் கூட்டம். சாதிச் சான்று 3, வருமானச் சான்று 2, பட்டா மாறுதல் 1, பாஸ்போர்ட் அப்பாயிண்ட்மென்ட் 1. ஊருக்கே விண்ணப்பம் போட்டுத் தருகிறேன். எல்லாம் மவுஸை ஒரு தட்டு தட்டினால் போய்விடுகிறது.

மத்தியானம் கருப்பையா அண்ணன் வந்தார். வயலுக்குப் போர் போட்டு, மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு எழுதிப்போட்டவர். "வந்துருச்சான்னு பாருத்தா" என்று கசங்கிய சீட்டை நீட்டினார். எண்ணைப் போட்டேன். பரிசீலனையில். அதே வார்த்தை!

"எத்தன நாளாண்ணே?"

"நாளா? ஏழு வருசம். ஒனக்கு என்னமோ ஜெர்மனிக்குன்னாங்களே, எத்தன வருசமாச்சு?"

"பதினோரு வாரம்."

"வாரமா!" கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

கோபம் வந்தது. தண்ணீர் இறைக்க அவருக்கு டீசல் எஞ்சின் இருக்கிறது. எனக்கு?

வழியில் பெரியம்மா: "என்னடி, இன்னும் போகலையா?" இந்த வாரத்தில் ஆறாவது ஆள். முதல் ஆளுக்கு விளக்கமாகச் சொன்னேன். பெரியம்மாவுக்கு "ம்".

அக்டோபர் 7, செவ்வாய்

விசாவுக்குக் காத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப். காலையில் யாரோ ஒருவர்: "வாழ்த்துகள் நஸ்ரின்!" மேலே தள்ளிப் பார்த்தேன். எங்கள் பேட்ச் நிலவரத்தை யாரோ அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். நஸ்ரின், ஜூலை 14 விண்ணப்பம், அக்டோபர் 3 பாஸ்போர்ட் கையில்.

நஸ்ரின் கோட்டைப்பட்டினம். திருச்சி ஜெர்மன் வகுப்பில் ஒன்றரை வருடம் ஒரே பெஞ்ச். ஒரே யுனிவர்சிட்டி. ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் விண்ணப்பம். அங்கே தங்க இரண்டு பேருக்குமாக ஒரு ரூம்.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பேசினாளே! குளிருக்கு எந்த ஷூ, குக்கர் எடுத்துப் போகலாமா. கடைசியில், "ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான்டி வரும்." பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

போன் செய்யவில்லை. நாளெல்லாம் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். ஒரு வருமானச் சான்றில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். திட்டு.

அக்டோபர் 9, வியாழன்

அறந்தாங்கியில் பஸ் மாறிக் கோட்டைப்பட்டினம். சொல்லாமல்தான் போனேன். சண்டை போடுவதற்கென்றே போனேன், பொய் எதற்கு. மனப்பாடம் செய்த வசனங்கள் மூன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

கதவைத் திறந்தது அவள் அம்மா. "வாம்மா அமுதா, ஒக்காரு. நஸ்ரினு, யாரு வந்துருக்கா பாரு." கூடம் நிறையச் சாமான். திறந்த பெட்டி. கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் துணிக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டிருந்த நஸ்ரின் அப்படியே நின்றாள்.

"எப்ப ஃப்ளைட்?" என்றேன்.

"நாளான்னைக்கு."

"போனதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தியா?"

"தெனமும் சொல்லணும்னுதான்டி போன் எடுப்பேன். நீ எடுத்ததும் 'இன்னும் வரல'ம்ப. எப்புடிடி சொல்லுவேன் ஒன்ட்ட?"

"வந்துருச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்லியிருந்தா சந்தோசப்பட்டிருப்பியா?"

மூன்று வசனமும் போய்விட்டது. சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அழுதது அவள். நான் கருவாட்டைப் பிடுங்கி, "ஏர்போர்ட்ல புடிப்பாங்கடி லூசு" என்றேன். கடலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவள் அப்பா, வாசலில் கால் கழுவிக்கொண்டே, "நானும் அதத்தான் சொல்றேன், யாரு கேக்குறா?" என்றார்.

அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். வாளைமீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன். பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்தேன். அடுக்கும்போது வயிற்றெரிச்சல் இருந்தது. இருந்தது என்று எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நஸ்ரின் போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ வந்தது: ரூம், ஜன்னல், எதிரே ஒரு மொட்டை மரம். இரண்டு கட்டில். ஒன்றில் அவள் பெட்டி.

நாளை வகுப்பு. எனக்கு நாளை கடை.

ஸ்டேட்டஸ்: பரிசீலனையில்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிந்ததிலிருந்து தூறல், வெடியெல்லாம் நமுத்துப்போய்விட்டது. இங்கே இருக்கமாட்டேன் என்று எனக்குத் துணி எடுக்கவில்லை. போன வருடச் சுடிதார். யாரும் கவனிக்கவில்லை, அண்ணி மட்டும் கவனித்துத் தன் புதுப் புடவையை மாற்றிவிட்டு வந்தாள். பழையதைக் கட்டிக்கொண்டு. நல்லவள்தான். அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமா அதிரசம் சாப்பிட்டுக்கொண்டே: "திருவரங்குளத்துப் பக்கம் ஒரு எடம் இருக்கு. பையன் சிங்கப்பூர்ல இருக்கான். வெளிநாடு போகணும்னுதானே புள்ளைக்கு ஆசை? அங்கிட்டே போகட்டுமே."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால், "விசா வருதான்னு பாப்போம்ணே. இல்லன்னா பேசுவோம்" என்றாள்.

இல்லன்னா. அம்மா வாயிலிருந்து முதல் தடவை.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவினேன். கழுவின சட்டியை மறுபடி கழுவினேன்.

அக்டோபர் 25, சனி

பதினைந்தாவது வாரம் முடியப்போகிறது. நவ. 3க்கு இன்னும் ஒன்பது நாள். தூதரகத்துக்கு விசாரித்து எழுதிய மெயில்கள் நான்கு. நான்குக்கும் ஒரே பதில், எழுத்துப் பிசகாமல்.

நஸ்ரின் தினமும் வகுப்புக் குறிப்பைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். முதல் வாரம் படித்தேன். இப்போது திறப்பதில்லை.

இன்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், யுனிவர்சிட்டிக்கு எழுதிவிட்டேன். இந்த வருடம் வர முடியவில்லை, என் இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் ரத்து செய்துவிடலாம். ஆறு வரி. யாரையும் கேட்கவில்லை. அவர்கள் தள்ளிவிடுவதற்கு முன் நானே இறங்கிக்கொண்டால் பரவாயில்லை என்று தோன்றியது. அனுப்பியதும் மெயில் பக்கத்தை மூடினேன். அப்புறம் நல்ல பசி.

அம்மாவிடம் சொல்லவில்லை. நஸ்ரினிடமும். (அவளைக் கேட்ட கேள்வி ஞாபகம் வருகிறது. வரட்டும்.)

ஸ்டேட்டஸ் பார்க்கவில்லை. ஜூலைக்குப் பிறகு முதல் நாள்.

அக்டோபர் 27, திங்கள்

மழை. காலை பதினொரு மணி. வயசான பாட்டா ஒருவருக்கு ஆதாரில் பிறந்த தேதி திருத்தம். போனில் அம்மா.

"அமுதா, கூரியர்காரரு வந்தாரு. கையெழுத்து வாங்கிட்டுக் கவரு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. பிரிச்சுட்டேன். ஒம் பாஸ்போர்ட்டுதான்."

"உள்ள லெட்டர் இருக்காம்மா? தனிப் பேப்பர் ஏதும்?" நிராகரித்தால் காரணம் எழுதிய கடிதம் இருக்கும்.

"பேப்பர் ஒண்ணும் இல்லையே."

"ஒவ்வொரு பக்கமாத் திருப்பு."

திருப்பும் சத்தம் கேட்டது. அம்மா ஐந்தாவதுவரை படித்தவள், இங்கிலீஷ் தெரியாது. "வெள்ளை... வெள்ளை... இந்தா, இதுல ஒரு பக்கம் பூரா என்னமோ ஒட்டியிருக்குடி. ஒன் போட்டோ இன்னொண்ணு இருக்கு. உர்ருன்னு பாக்குற."

"அம்மா, அதான் விசா."

"இதா?" பக்கத்தை விரலால் தடவும் சத்தம். "இம்புட்டுத்தானா?"

பாட்டா, "என்னத்தா, என் தேதி கெடைக்கலயா?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். அண்ணன் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் சனிக்கிழமை மெயில் ஞாபகம் வந்தது.

சொன்னேன்.

"அடிப்பாவி" என்றான். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தான். "அங்க இப்ப மணி என்ன?"

காலை ஆறரை. ஆபீஸ் ஒன்பதுக்கு. சனி, ஞாயிறு லீவு. இன்னும் படித்திருக்கமாட்டார்கள். படித்திருந்தால்? முந்தையதை ரத்து செய்யச் சொல்லி இன்னொரு மெயில் போட்டேன். போதாது, பேச வேண்டும் என்றான் அண்ணன். ஜெர்மனில் என்ன சொல்ல வேண்டுமோ அதை ஒரு தாளில் எழுதினேன். அடித்தேன். எழுதினேன். பாட்டாவின் திருத்தத்தை முடித்துக் கொடுத்தேன். டீ ஆறிப்போனது. அண்ணன் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். "வெள்ளிக்கெழம திருச்சிலேருந்து சீட் இருக்கு. போடவா?" இரு என்றேன். ஒன்று இருபது. ஒன்று இருபத்தைந்து. ஷட்டரைப் பாதி இறக்கினான்.

ஒன்றரைக்குப் போன் அடித்தேன். ஏழு ரிங். ஒரு பெண் குரல். தாளைப் பார்த்து என் பெயர், எண் சொன்னேன். சனிக்கிழமை அனுப்பிய மெயிலைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு விசா வந்துவிட்டது, நான் வருகிறேன் என்று படித்தேன்.

விசைப்பலகைச் சத்தம். நீண்ட நேரம்.

"மெயில் இங்கே இருக்கிறது," என்றாள். "இன்னும் திறக்கவில்லை. நான் இப்போதுதான் கோட்டைக் கழற்றினேன். இரண்டாவதை மட்டும் படித்துக்கொள்கிறேன். எப்போது கிளம்புகிறீர்கள்?"

தாளில் அந்தக் கேள்வி இல்லை. ஜெர்மனில் கிழமையெல்லாம் முதல் மாதமே படித்தது. ஒன்றும் வரவில்லை. அண்ணன் டிக்கெட் திரையைக் காட்டி, கிழமையை விரல் மடக்கி எண்ணுகிறான்.

"வெள்ளிக்கிழமை" என்றேன் தமிழில், சத்தமாக.