நுவரெலியாவில் வாங்கின தொப்பி

செப். 14, ஞாயிறு

தூறல். கா. 5.40க்கு முழிப்பு. இன்றைய வேலை: பக்கத்து வீட்டு ராணி அக்காவின் அயர்ன் பார்க்கணும் (வயர் கருகின நாத்தம்), என் பூட்ஸுக்குப் பசை போடணும், மத்தியானம் தூக்கம். மூணும் நடக்கல.

மலர் தேத்தண்ணிய வச்சிட்டு நின்னாள்.

"எங்கயாவது போவோம்."

"எங்க?"

"நுவரெலியா."

"இப்பவா? சொல்லாம கொள்ளாமலா?"

"இப்பதான்."

மூணு மாசமா என் பெண்டாட்டி "சாப்பிடுங்க", "தண்ணி வரல" தவிர எதுவும் பேசினதில்ல. வயித்துல எட்டு மாசமா இருந்த பிள்ளை உயிரில்லாம பிறந்தது. பொம்பளப் பிள்ளை. அன்றையிலிருந்து இப்படி. அதனால சரின்னுட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணி அக்கா: "என்ன தம்பி, தேனிலவா? வரும்போது நமக்கும் நல்ல கேரட்டா ரெண்டு கிலோ!" தோட்டத்து லயத்துல வரிசையா ஒட்டின வீடுங்க, இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்க இருமினா அங்கேயிருந்து மல்லித்தண்ணி வைக்கச் சொல்வாங்க.

கொண்டு போனவை: குடை 1, ரொட்டி 4, தேங்காச் சம்பல், ஸ்வெட்டர் 2, தண்ணி. பதுளை வரை ஒரு பஸ், அங்கிருந்து வெலிமடை வழியா அடுத்த பஸ். பிரேக் லைனர் போயிருக்கு, சத்தத்திலேயே தெரியுது. டிரைவர்கிட்டச் சொன்னேன். "நீ என்ன, இஞ்சினியரா?" என்றான். தேயிலைத் தொழிற்சாலையில மெக்கானிக் என்றேன். "அப்ப தேயிலையப் பாரு." பஸ்ஸே சிரிச்சது. மலர் சிரிக்கல.

வெலிமடையில லீக்ஸ், கேரட் மூட்டை ஏத்த இருபது நிமிஷம். எனக்குக் கொதிச்சது. அவள் ஜன்னல்ல தலை வச்சு உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாள்.

ஏரி. பனிமூட்டம். அன்னம் மாதிரி மிதிப்படகு. செயின் தளர்வு, ரெண்டு மிதிக்கு ஒரு தரம் வழுக்குது. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

நடு ஏரி. மிதிக்கிறதை நிறுத்தினாள். "இங்க பேசினா யாருக்கும் கேக்காது" என்றாள்.

"பயப்படாத. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கோம்ல. விசில் அடிச்சா வருவாங்க."

என்னையே பார்த்தாள். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"நாலு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான்."

திரும்ப மிதிச்சாள்.

ஸ்வெட்டர் கடைகள் பக்கம் மஞ்சள் கம்பளித் தொப்பி ஒன்றைக் கையில எடுத்தாள். உள்ளங்கை அளவு. கடைக்காரம்மா: "மகனா மகளா?" "மக." "எத்தன மாசம்மா?" "மூணு." "அப்ப இது சரியா இருக்கும். காது மறைச்சுப் போடுங்க, இந்தக் குளிருக்கு." நான் தள்ளிப்போய் நின்னேன்.

திரும்புற பஸ்ஸில தொப்பியை மடியில விரிச்சு வச்சிருந்தாள். "கொய்யா மரத்தடியில பிள்ளைக்குக் குளிரும்ல. அடுத்த ஞாயிறு ரெண்டு பேருமா போய் உள்ள வச்சிட்டு வருவோம்."

தலையாட்டினேன்.

இங்க மட்டும் எழுதுறேன். கொய்யா மரத்தடியில ஒன்றும் இல்லை. நான் பிள்ளையைப் புதைக்கவே இல்லை.

செப். 15, திங்கள்

வெயில். கொழுந்து வாட்டுற மாடியில மூணாம் விசிறி ஊளை. பெயாரிங். பழசைக் கழட்டி கிரீஸ் போட்டு ஓட்டினேன். புதுசு வர நாலஞ்சு நாள்.

தொப்பி ஆணியில தொங்குது. சாமிப் படத்துக்குப் பக்கத்துல.

நடந்ததை ஒழுங்கா எழுதி வைக்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில ஒரு தாள் நீட்டினாங்க. கொண்டு போறதா, அவங்களே அடக்கம் பண்ணுறதா. யாரும் அவசரப்படுத்தல. வெளியில மழை. வேன் இல்ல. அப்பா மாமா யாரையும் கூப்பிடத் தோணல. அவங்களே பண்ணட்டும்னு கையெழுத்துப் போட்டேன். அரை நிமிஷம். நர்ஸம்மா, "முகம் பாக்குறீங்களா தம்பி?" என்றாங்க. "வேணாம், நேரமாச்சு."

எதுக்கு நேரமாச்சு?

வார்டுக்குப் போனதும் மலர் கேட்டது ஒன்றுதான். "எங்க வச்சீங்க?" நம்ம தோட்டத்துல சின்னப் பிள்ளைகளை எரிக்கிறதில்ல. அப்பன்காரன் கொண்டு போய் தேயிலை ஓரத்துல வைப்பான், பொம்பளைங்க போறதில்ல, மேளம் கிடையாது. அதனால கேள்வியும் வராதுன்னு நினைச்சேன். "பதினாலாம் நம்பர் மலை, கொய்யா மரத்தடி" என்றேன். "யார் மாதிரி இருந்துச்சு?" "ஒன்ன மாதிரி."

ரெண்டும் பொய்.

ராணி அக்கா அயர்ன் முடிச்சாச்சு. பிளக்தான் கோளாறு.

செப். 17, புதன்

மழை விட்டு விட்டு. நாலு நாள்தான் இருக்கு. வழி கண்டுபிடிச்சேன்.

சாப்பாட்டு நேரத்துல மம்பட்டியோட மலைக்கு ஏறினேன். கொய்யா மரத்துக்கு மேற்கே மூணு அடி. ரெண்டடி நீளம், ஒன்றரை ஆழம். மண் கல்லு மாதிரி. விரல் தடிமன்ல வேர்கள், வெட்டி வெட்டிக் கை பொத்துப் போச்சு. திரும்ப மூடினேன், மிதிச்சு இறுக்கினேன். மேலே ஒரு தட்டைக்கல், சுத்தி காய்ஞ்ச இலை. தள்ளி நின்னு பார்த்தேன். சரியா இருந்தது. யார் பார்த்தாலும் நம்புவாங்க.

மூணாம் விசிறி திரும்ப ஊளை.

செப். 18, வியாழன்

எழுத முடியுமா தெரியல.

இன்னைக்கு மலரைக் கொழுந்து எடுக்கப் பதினாலாம் நம்பர் மலைக்குப் போட்டிருக்காங்க. காலையில பெரட்டுல வேலை பிரிச்சுப் பேர் கூப்பிடும்போதே அவளுக்குத் தெரியும், எனக்குச் சொல்லல. நாலரைக்கு வந்து கூடையை வெளியில கவுத்திட்டு உள்ள வந்து என் காதுகிட்டக் குனிஞ்சாள்.

"நேத்துதான வெட்டினீங்க?"

குரலே இல்ல. மூச்சு மட்டும்.

"என்ன சொல்ற?"

"வேரு வெட்டின எடம் இன்னும் வெள்ளையா இருக்கு. நான் வருசம் பூரா கன்னுக் குழி வெட்டுறவ. மூணு மாசக் குழி எப்பிடி இருக்கும், ஒரு நாள் குழி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பொத்துப் போன கையை மடக்கிக்கிட்டேன்.

"வீட்டுக்கு வந்த மூணாவது வாரமே போய்ப் பாத்தேங்க. புல்லு கூடக் கலையல அங்க."

"அப்பவே ஏன் கேக்கல?"

சுவரைக் கண்ணால காட்டினாள். அந்தப் பக்கம் ராணி அக்கா வெங்காயம் வெட்டுற சத்தம். "இங்க கேட்டா லயத்துக்கே கேக்கும். ஒங்களத்தான் பேசுவாங்க, பெத்த பிள்ளைய விட்டுட்டு வந்தவன்னு. அதான் அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனேன். நடுத் தண்ணியில வச்சுக் கேட்டேன். நீங்க பஸ் நேரம் சொன்னீங்க."

எனக்கு அழுகை வந்தது. அதைக்கூடச் சத்தமில்லாமத்தான் அழணும்.

"மொகமாவது பாத்தீங்களா?"

இல்லைன்னு தலையாட்டினேன்.

அவள் அழல. அடுப்புக்குப் போயிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம்: "மலரு, கொஞ்சம் உப்பு இருக்குமா?" "இருக்குக்கா, வாங்க."

செப். 19, வெள்ளி

பெயாரிங் வந்தது. அளவு தப்பு. திருப்பி அனுப்பினேன். ஸ்டோர்காரனைக் கண்டபடி ஏசினேன். அவன் பிழையில்ல.

வீட்டுல பேச்சில்ல. சோறு மட்டும் வச்சாள். "சாப்பிடுங்க" கூட இல்ல.

ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்துக் கேட்டேன், எந்த இடத்துல அடக்கம் பண்ணினீங்கன்னு. நல்ல விதமாத்தான் பேசினாங்க. மாசத்துக்கொரு தரம் எல்லாம் சேர்த்துப் பண்ணுறதாம். தனி அடையாளம் வைக்கிறதில்லையாம். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கதானே?" என்றாங்க.

ஆமா. போட்டிருக்கேன்.

செப். 21, ஞாயிறு

வெயில், குளிர் காத்து. நமுனுகுல மலை உச்சி தெளிவாத் தெரிஞ்சது.

ஏழு மணிக்கு மலர் வாசல்ல நின்னாள். தோள்ல பேக். ஸ்பிரிங்வெளியில அவங்கம்மா வீட்டுக்குன்னு கேக்காமலே தெரிஞ்சது. கையில தொப்பி. "மம்பட்டிய எடுத்துட்டு வாங்க."

மலைக்கு ஏறினோம். நான் பின்னால. கல்லை அவளே புரட்டினாள். "தோண்டுங்க." தோண்டினேன். இந்தத் தடவை மண் இளகியே இருந்தது. தொப்பியை உள்ளங்கையில வச்சு, காதுப் பக்கத்தை நீவி நேராக்கி, அடியில வச்சாள்.

"பொய்க் குழிதான். பிள்ளைக்குன்னு நம்மகிட்ட வேற எடமும் இல்ல" என்றாள்.

மம்பட்டியால மண்ணை இழுத்தேன். பிடியைப் பிடிச்சு நிறுத்தினாள்.

"கையால. மெதுவா."

முட்டி போட்டேன். ஒவ்வொரு பிடியா.

"எப்ப வருவ?"

நிமிர்ந்தப்போ அவள் பேக்கோட ஒத்தையடிப் பாதையில பாதி தூரம் இறங்கியிருந்தாள். கீழ் வளைவுல பஸ் ஹோர்ன் கேட்டது. அங்க ரெண்டு நிமிஷம் நிக்கும். ஓடினா பிடிக்கலாம்.

பாதி மண் இன்னும் வெளியில கிடந்தது. கையால தள்ளிக்கிட்டு இருந்தேன்.