கில்பரான் கடலில் மூழ்காதவள்

கில்பரான்,
1908 ஜூன் 2

அன்பு மருமகள் டீலியாவுக்கு,

கடவுளும் மாதாவும் பாஸ்டனில் உன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும். இங்கே நாங்கள் நலம். நலம் என்பது சின்ன வார்த்தை. உன் தாய்மாமன் இப்போது சாதாரண ஆள் இல்லை. இந்தக் கரையில் என்னைத் தெரியாத நண்டு கூடக் கிடையாது.

நீ போன இரண்டு வருஷத்தில் ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கடலை ஒட்டிக் கல்பாவிய நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம். புதுசாக ஒரு ஹோட்டல் எழும்புகிறது. அதன் ஜன்னல்களை எண்ண ஆரம்பித்த ஒருவன் பாதியிலேயே நின்றபடி தூங்கிவிட்டான், என் கண்ணால் பார்த்தேன். குளிக்க வரும் சீமாட்டிகள் உடை மாற்றிக்கொள்ள என் சக்கரப் பெட்டிகளில்தான் ஏறுவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். பெட்டியை அலைக்குள் இழுத்துப் போகும் என் குதிரைக்கு ஒரு கர்னலின் மனைவி சலாமே வைத்தாள்.

வழக்கம்போல் வீட்டைக் கோடைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நானும் உன் அத்தை சபைனாவும் உன் மகள் வின்னியும் பின்பக்கக் கொட்டகையில் படுக்கிறோம். போன வாரம் ஒரே மழை. குளிக்க வழியில்லாமல் விருந்தாளிகள் அடுப்பைச் சுற்றி முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் வின்னியைக் காட்டி, "இது யாரு பிள்ளை?" என்றாள். அமெரிக்காவில் வீட்டுவேலை பார்ப்பவளின் பிள்ளை என்றால் யாருக்கு என்ன சுவாரஸ்யம்? அப்படிப்பட்ட பிள்ளை இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறதே. அதனால் உன் கப்பலை மூழ்கடித்துவிட்டேன். என்ன புயல், என்ன இடி! கடைசியில் உன் கை மட்டும் அலைக்கு மேலே. "மாமா, எம் பிள்ளைய பாத்துக்குங்க" என்று நீ கத்தியதை நானே எழுந்து நின்று கத்திக் காட்டினேன்.

பெண்கள் எல்லாரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு விருந்தாளிகளும் கதை கேட்க வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடியும்வரை அறை காலியில்லை. வின்னிக்கு ஒரு மெழுகுப் பொம்மை கிடைத்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு அழகாக இந்தக் கடலில் யாருமே செத்ததில்லை.

உன் மாமா,
மலாக்கி ஹெஹிர்

---

பாஸ்டன்,
1908 ஜூன் 17

மாமாவுக்கு,

முதலில் வின்னியைக் கூப்பிட்டு, உன் அம்மா உயிரோடிருக்கிறாள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மேலே படியுங்கள்.

சொன்னீர்களா?

நீங்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் எங்கே இருந்தாள்? அத்தை மடியிலா, உங்கள் மடியிலா? அவளுக்கு ஐந்து வயசு மாமா. சின்னப் பிள்ளையில் உங்கள் புளுகுக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரித்தவள் நான்தான். இன்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலாளியம்மாவின் தட்டு ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டேன்.

என் புருஷன் டாம் கல்குவாரியில் செத்தபோது வேறு வழி தெரியாமல்தான் அவளை உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன். குழந்தையோடு வருகிறவளுக்கு இங்கே வேலை கிடையாது. இப்போது ஒரு விதவை அம்மாள், குழந்தையையும் கூட்டி வா, மாடியறையில் இருந்துகொள் என்கிறார். இலையுதிர் காலத்தில் நானே வந்து அவளை அழைத்துப்போவேன். அதையும் சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள்.

டீலியா

---

கில்பரான்,
1908 ஜூலை 2

அன்பு டீலியாவுக்கு,

சொன்னேன் அம்மா, சொன்னேன். கொட்டகையில் உட்காரவைத்து, "வின்னி, உங்கம்மா சாகலடி. பாஸ்டன்ல ராணி மாதிரி இருக்கா" என்றேன்.

"இல்ல தாத்தா, செத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் இங்க வந்து அழுதாங்களே. மேசைக்கு அடியில இருந்து நான் பார்த்தேனே."

நீ கப்பலேறியதற்கு முதல்நாள் ராத்திரியைச் சொல்கிறாள். அமெரிக்கா போகிறவர்கள் இனி திரும்பமாட்டார்கள் என்று இழவு வீடு வைத்து, விடிய விடியப் புகையிலையும் ஒப்பாரியுமாக அனுப்பிவைப்பதுதானே நம் ஜனங்களின் வழக்கம்? மூன்று வயசுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? அன்றைக்கு நான் வைத்த ஒப்பாரிக்கு ஊரே அசந்துபோனது, உனக்கும் ஞாபகமிருக்கும். "அது சும்மாடி, சாகாதவங்களுக்கு அழறது" என்றேன். "சாகாதவங்களுக்கு யாராச்சும் அழுவாங்களா? போங்க தாத்தா, இப்பத்தான் கதை விடறீங்க" என்று சொல்லிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புத்தி அப்படியே என்னைப் போல.

முன்னறையில் லிமெரிக்கிலிருந்து ஃபென்னலி என்று ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள். பிள்ளையில்லை. அந்த அம்மாள் வின்னியின் தலையைச் சீவிவிடுகிறாள், கடலுக்கு அழைத்துப் போகிறாள். அவர்களிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சீசன் நடுவில் கதையை மாற்றினால் மாமாவின் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஒரு வீட்டுக்காரன் விருந்தாளியிடம் சொன்னதை இன்னொரு வீட்டுக்காரன் மறுக்கமாட்டான், அது இந்தத் தெருவின் தர்மம். அதனால் ஊர் வாயும் மூடியிருக்கிறது. உன் அத்தை மட்டும் என்னோடு பேசுவதில்லை. ஒரு விதத்தில் அதுவும் ஓய்வுதான்.

மலாக்கி மாமா

---

பாஸ்டன்,
1908 ஜூலை 18

மாமா,

இதில் என் போட்டோவை வைத்திருக்கிறேன். போன ஞாயிறு எடுத்தது. என் கையில் இருக்கும் பத்திரிகையில் தேதி தெரிகிறது. வின்னியிடம் காட்டுங்கள். அந்த ஃபென்னலி அம்மாளிடமும் காட்டுங்கள், இன்றைக்கே. சீசன் முடியட்டும் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவள் தலையை வேறு யாரும் சீவ வேண்டாம்.

டீலியா

---

கில்பரான்,
1908 ஆகஸ்ட் 12

டீலியா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உன் போட்டோ வருவதற்கு முன்பே ஃபென்னலி தம்பதி, ஒரே ஒரு வாரம் என்று சொல்லி வின்னியை லிமெரிக்குக்கு அழைத்துப்போனார்கள். வாரம் முடிந்ததும் பிள்ளை வரவில்லை, கடிதம்தான் வந்தது. தாயில்லாப் பிள்ளையை வளர்க்கச் சீசனுக்கு வந்த புதுப் பாதிரியார் ஆசி கொடுத்துவிட்டாராம். கொடுக்கத்தானே செய்வார்? ஜூலையில் விருந்தாளிகள் எல்லாரும் சேர்ந்து உன் ஆன்மாவுக்குப் பூசை கேட்டபோது அவர்தான் வைத்தார். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து என்ன சொல்வது?

அன்றைய ரயிலிலேயே லிமெரிக் போனேன். போட்டோ, உன் கடிதங்கள், எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். ஃபென்னலி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மிஸ்டர் ஹெஹிர், ஜூன்ல கப்பல் மூழ்கிச்சுன்னு எம் பெண்டாட்டிய அழவச்சீங்க. இப்ப மூழ்கலைங்கறீங்க. கிறிஸ்துமஸுக்குக் கப்பலே இல்லைம்பீங்களா?"

"மாதா மேல சத்தியமா அவ உயிரோட இருக்காய்யா!"

"அவ செத்ததுக்கும் இதே மாதாவத்தான சாட்சிக்கு இழுத்தீங்க?"

அவர் மனைவி போட்டோவை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள். "இது யாரோ" என்றாள். வாசலில் வின்னி எனக்குக் கையாட்டினாள். புது ஷூ போட்டிருந்தாள். "அம்மா, தாத்தாவுக்கு டீ குடுக்கலையா?" என்று ஃபென்னலியின் மனைவியைத்தான் கேட்டாள்.

அக்டோபரில் மான்செஸ்டரில் புதுக்கடை திறந்து அங்கேயே குடிபோகிறார்களாம். நம்முடைய பழைய பாதிரியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். போலீஸ்காரர் நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார். இந்த மாகாணம் முழுக்க என் பேச்சைக் கேட்க ஆளிருந்தது, இப்போது ஒரு ஆள் இல்லை. குதிரையைப் பெட்டியில் பூட்டக்கூட கை வரமாட்டேன் என்கிறது. நீ நேரில் வந்து நின்றால்தான் உண்டு. வந்துவிடு டீலியா. அக்டோபருக்குள் வந்துவிடு.

மலாக்கி

---

குயின்ஸ்டவுன்,
1908 செப்டம்பர் 21

மலாக்கி ஹெஹிர் அவர்களுக்கு,

அத்தை கவலைப்படுவார் என்பதற்காக எழுதுகிறேன். வின்னி என்னோடு இருக்கிறாள்.

லிமெரிக்கில் கதவைத் திறந்தது ஃபென்னலியின் மனைவி. நான் யாரென்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "போட்டோவப் பாத்தப்பவே தெரியும்மா. மோவாய் அப்படியே வின்னி மோவாய். தெரிஞ்சும் குடுக்க மனசு வரல" என்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று கடல் பயணம் முழுக்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வின்னி எங்கே என்றுதான் கேட்டேன்.

வின்னி கடையிலிருந்து ரிப்பனோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். நான் மண்டியிட்டேன். அவள்தான் மெதுவாகக் கிட்டே வந்து என் தொப்பியைத் தள்ளிவிட்டு, தலைமுடிக்குள் கையை விட்டுப் பிடரிவரை தடவினாள். கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு," என்றாள். என்னிடம் இல்லை. திரும்பிப் பார்த்து, "அம்மா, இவங்க தலைல கடல் தண்ணியே இல்ல, காஞ்சிருக்கு" என்று படிக்கட்டில் இருந்தவளிடம் சொன்னாள்.

ஃபென்னலி வின்னியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். ரயிலில் வழி முழுக்க அந்த அம்மாளைக் கேட்டுத்தான் வின்னி அழுதாள். அழுகையிலும் என் முடியை விடவில்லை.

நாளைக் காலையில் கப்பல். அவளை எப்படி ஏற்றப்போகிறேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் துறைமுகத்துக்கு அழைத்துப்போனேன். கப்பலைக் கண்டதும் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "அது மூழ்கிடும், அது மூழ்கிடும்" என்று போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தேன். மூழ்காது, நான் இப்போது அதில்தானே வந்தேன் என்றேன்.

"நீங்களும் கதை சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். விடுதி அறைக்குத் திரும்பி வெகுநேரம் ஆகிறது. ஷூவைக் கழற்றவிடாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சபைனா அத்தை எழுதினால் பதில் போடுவேன். நீங்கள் எழுத வேண்டாம்.

டீலியா