ஐந்தரைக் கட்டை

டிச. 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பிடோக்கிலிருந்து தஞ்சோங் பகார் வரை ரயிலில் நின்றுகொண்டே பயணம். குடையை ரயிலிலேயே விட்டுவிட்டேன். மறுபடியும்.

பேராசிரியர் வசுந்தராவுடன் பேட்டி. பல்கலைக்கழக இசைத் துறையில் பாட்டும் இசைக் கோட்பாடும் கற்பித்து ஓய்வு பெற்றவர். கலைக்குச் செய்த பணிக்காகச் சனிக்கிழமை பாராட்டு விழா. அதே துறையின் பியானோ பேராசிரியர் ஒருவருக்கும் சேர்த்து. நடத்துவது பழைய மாணவர்கள். ஞாயிறு இதழில் எனக்கு அரைப் பக்கம்.

நல்ல பேச்சு. தெளிவான பதில்கள். எல்லாம் முடிந்த பிறகு வழக்கமான கடைசிக் கேள்வி: "இப்பவும் பாடறீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது எழுதறதுக்கு இல்ல, ராஜன்."

பேனாவை மூடினேன்.

ரெண்டு வருஷம் முன்பு அவருக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை. சென்னையில், தங்கை வீட்டில் இருந்தபடி. இங்கே சிங்கப்பூரில் யாருக்கும் தெரியாது. அதன்பின் குரல் இறங்கிவிட்டது. ஐந்தரைக் கட்டையில் பாடியவர். இப்போது நாலுக்கு மேல் ஏறுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் மட்டும் பாடுகிறாராம்.

"வெளிய சொன்னா என்ன ஆகும்? 'பாவம் லா'ன்னு ஒருத்தர் சொல்வார். அதுக்கப்புறம் நான் புரொஃப் இல்ல, அந்தப் பாவம்தான்."

சொல்ல மாட்டேன் என்றேன். நம்பிச் சொன்னதை வெளியிடாததுதான் நம் பத்திரிகை வழக்கம்.

குறிப்பு, ரம்யாவுக்கு (நம் பக்கத்தைப் பார்க்கும் துணையாசிரியர், சங்கீதம் தெரியாது): கட்டை என்பது பாடகர் நிற்கும் சுருதி. எண் கூடினால் உயரம், குறைந்தால் தாழ்வு.

வாங்க: பிரஷர் மாத்திரை, கறிவேப்பிலை, குடை.

டிச. 9, செவ்வாய்

கட்டுரையில் பாதி. அலுவலகக் குளிர்சாதனம் உறைய வைக்கிறது.

விழாக் குழுச் செயலாளர் இளங்கோ தொலைபேசியில். வங்கியில் வேலை, வசுந்தராவின் பழைய மாணவர். உற்சாகம் தாங்கவில்லை.

"சார், ஒரு மேட்டர். சனிக்கிழமை வரைக்கும் எழுதாதீங்க, ஓகே? புரொஃபுக்கே தெரியாது. சர்ப்ரைஸ்!"

விஷயம்: பேராசிரியரே இயற்றிய தில்லானாவைப் பழைய மாணவர்கள் மேடையில் பாடப் போகிறார்கள். கடைசிப் பகுதிக்கு முன் நிறுத்திவிடுவார்கள். மைக் முதல் வரிசைக்குப் போகும். அவர் எழுந்து பாடி முடிக்க வேண்டும்.

"எந்தச் சுருதியில?"

"என்ன சார் கேள்வி! ஐந்தரை. புரொஃப்னா ஐந்தரை லா, ஊருக்கே தெரியும்."

அந்தக் கடைசிப் பகுதி மேல் காந்தாரம் என்ற உச்ச ஸ்வரம் வரை போகும் என்று திங்களன்று அவரே பெருமையாகச் சொன்னார்.

இப்போது என்னிடம் இரண்டு ரகசியங்கள். இரண்டுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று.

டிச. 10, புதன்

தூறல். தேக்கா பகுதியில் ஒத்திகை, ஒரு மாடி அறையில். கீழே பூக்கடைக்காரரும் சரக்கு வண்டிக்காரரும் சண்டை. "பத்து நிமிஷம்னு சொல்லிட்டு டென்ட் போட்டுட்டியே!"

மாணவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள். அதுவே கவலை.

இளங்கோவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். எதற்கும் அவரிடமே ஒரு வார்த்தை சுருதி கேட்டுக்கொள்ளலாமே?

"கேட்டா சர்ப்ரைஸ் எங்க சார் இருக்கு?"

மிருதங்கம் செந்தில். தஞ்சாவூர்க்காரர், கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், லீவு போட்டு வந்திருக்கிறார். நாதத்துக்காக வாத்தியத்தின் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை ஒட்டிக்கொண்டிருந்தார். செய்திக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன்: இதே மிருதங்கத்தை நாலு கட்டைக்கு இறக்க முடியுமா?

"அரைக் கட்டை இறக்கலாம் சார். ஒன்றரைன்னா தோல் தொளதொளன்னு ஆயிடும், பேசாது. அதுக்கு வேற மிருதங்கம் வேணும். இங்க ஒண்ணுதான் கொண்டாந்தேன்." கை நின்றது. "நாலா? ஏன் சார் நாலு?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

நாலு என்ற எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது. வழியெல்லாம் அதே நினைப்பு. செந்தில் இளங்கோவிடம் கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டால் நல்லதோ என்றும் ஒரு நினைப்பு. அது இன்னும் மோசம்.

டிச. 11, வியாழன்

வெயில், ஆனால் புழுக்கம். செந்தில் யாரிடமும் கேட்கவில்லை போலிருக்கிறது. இளங்கோ அனுப்பும் படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வழிகள்:
– சும்மா இருப்பது. மேடையில் எல்லோர் முன்னாலும் அவர் குரல் உடையும்.
– இளங்கோவிடம் சொல்வது. வசுந்தரா நம்பிச் சொன்னதை விற்பது. சாயங்காலத்துக்குள் மாணவர் அத்தனை பேருக்கும் தெரியும்.
– வசுந்தராவிடம் சொல்வது. சர்ப்ரைஸ் போகும்.

மனைவி சாரதா: "என்ன, பேப்பரை வெறிச்சுப் பாத்துக்கிட்டு? ரசம் ஆறுது."

"ஒரு சர்ப்ரைஸைக் கெடுக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"என் பொறந்தநாளுக்கா? நீங்க ஒண்ணும் வாங்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

டிச. 12, வெள்ளி

காலையிலேயே வசுந்தராவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

தில்லானா, மைக், ஐந்தரை, எல்லாம் சொன்னேன். அவர் பக்கம் குக்கர் விசில்.

"அவங்க உங்கள நம்பித்தானே சொன்னாங்க?"

"ஆமாம்."

"அத உடைச்சிட்டீங்க."

"ஆமாம்."

"என்னோடத?"

"இல்ல. மிருதங்கக்காரர்கிட்ட மட்டும் நாலுக்கு இறங்குமான்னு கேட்டேன். யாருக்குன்னு சொல்லல."

"கிட்டத்தட்ட சொல்லிட்டீங்க." கோபமா, சிரிப்பா, பிடிபடவில்லை. பிறகு: "ஜுரம்னு சொல்லிடட்டுமா? வராம இருந்துடலாம் இல்ல?"

வாருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொல்லவும்தான். இரண்டையும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

கட்டுரை அனுப்பினேன். விழா பற்றிய கடைசிப் பத்தி காலி. இளங்கோவிடமிருந்து செய்தி: 'புரொஃப் கண்டிப்பா அழுவாங்க சார், பாருங்க!' பதில் போடவில்லை.

டிச. 13, சனி

மாலை விழா. மழை இல்லை. அரங்கு நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி, அவருடையது. இளங்கோ வாசலுக்கும் மேடைக்குமாக. "ஜாம்ல மாட்டிருப்பாங்க லா."

தமிழ் வாழ்த்து முடியும்போது வந்தார். கழுத்து மூடிய ரவிக்கை, பச்சைப் பட்டு. என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல் உட்கார்ந்தார்.

உரைகள். நீளம். பியானோ பேராசிரியர் பொன்னாடையை எப்படி மடிப்பதென்று தெரியாமல் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

தில்லானா. மாணவர்கள் நிறுத்தினார்கள். மைக் வந்தது. கைதட்டல். தம்புரா ஐந்தரையில் ஓடுகிறது, இளங்கோவின் கைப்பேசியில், மேடை ஓரம் ஒரு ஸ்டாண்டில். செந்தில் மெல்ல வாசித்தபடி காத்திருக்கிறார்.

வசுந்தரா மைக்கை வாங்கவில்லை. எழுந்து மேடையேறினார். நேராக ஸ்டாண்டுக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் சுருதியை ஒவ்வொரு படியாக இறக்கினார். அரங்கம் முழுவதும் அது இறங்குவதைக் கேட்டது.

"ஐந்தரை இப்போ என்கிட்ட இல்ல. தொண்டையில ஆபரேஷன். நாலுதான் இருக்கு, அதத் தரேன்." செந்தில் பக்கம் திரும்பி, "உங்க வாத்தியம் இதுக்கு வராது தம்பி. கையால தாளம் போடுங்க."

செந்தில் மிருதங்கத்தை ஒதுக்கினார். என்னைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். நான் குனிந்துகொண்டேன்.

வசுந்தரா பாடினார். மாணவர்களும் சேரப் பார்த்தார்கள், கீழ் ஸ்வரங்களில் பாதிப் பேருக்குக் குரலே இல்லை. "என்னம்மா, கீழ வர்றதுக்குக் கஷ்டமா?" என்றார் நடுவில். சிரிப்பு. மேல் காந்தாரத்துக்குப் போகும்போது குரல் உடைந்தது. திரும்பத் தொட்டுப் பார்த்தார், மறுபடி உடைந்தது. மூன்றாம் முறை காந்தாரத்தைத் தேடவில்லை. ஒரு படி கீழே, ரிஷபத்தில் நின்று, அங்கேயே முடித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இளங்கோதான் அழுதார்.

வாசலில் வைத்தே கடைசிப் பத்தியைத் தட்டி அனுப்பினேன். ரம்யா கூப்பிட்டாள்.

"அண்ணே, 'உணர்ச்சிவசப்பட்டுக் குரல் தழுதழுக்கப் பாடினார்'னு மாத்திருக்கேன். ஆபரேஷன்லாம் எதுக்கு, நல்ல நாளும் அதுவுமா. ஓகே தானே?"

ஓகே என்று வாய்வரை வந்தது. அது அவரைக் காப்பாற்றும் வாக்கியம் போலவும் இருந்தது. இரு என்று சொல்லிவிட்டு, காருக்குப் போய்க்கொண்டிருந்தவரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். மூச்சிரைத்தது.

"நான் அழுதேனா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குத் தழுதழுக்கணும்? ஆபரேஷன் போடுங்க. நாலு கட்டை போடுங்க. காந்தாரம் வரலன்னும் போடுங்க." கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். "நாளைக்குப் 'பாவம்'னு போன் பண்ணுவாங்க இல்ல?"

"பண்ணுவாங்க."

"பண்ணட்டும். எடுக்கறேன்."

ரம்யாவிடம் சொன்னேன், வார்த்தை வார்த்தையாக.

"காந்தாரம் வரலன்னு பாராட்டு விழாச் செய்தில எப்படிண்ணே போடறது?"

"வரலன்னு போடு."