ஐந்து மணி நாற்பது நிமிடம்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? என் அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா?

என் அறையில் இருக்கும் மெக்கானிக் லீவில் வருகிறார், இந்தக் கடிதத்தைத் தருவார். ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை நம் ஊருக்குப் போகும் விமானத்தைச் சுத்தம் செய்தேன். ஜன்னலோர சீட்டின் முன்னால் இருக்கும் திரையில் நம் ஊர்ப் பெயரும், ஐந்து மணி நாற்பது நிமிடம் என்றும் ஓடியது. உன் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகவே ஏழு மணி நேரமாகுமே! சும்மா உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டேன். கூட வேலை செய்தவர்கள் இறங்கியதே தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னய்யா, நீயும் பறக்கப் போறியா? ஆளுங்க ஏற ஆரம்பிச்சுட்டாங்க, எந்திரி!"

"பெல்ட்டைக் கழட்டத் தெரியல சார்."

அவரே குனிந்து கழற்றிவிட்டுச் சிரித்தார். வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை, பயப்படாதே. மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இப்போது ஏறினால் பாப்பாவுக்குப் பள்ளி விடுவதற்குள் வந்துவிடலாம் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறது.

பாப்பாவின் பழைய செருப்பு ஒன்றை மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்பு. புதுசு வாங்க அளவு வேண்டும். நீங்க வர இன்னும் பதினாலு மாசம் இருக்கே, அதுக்குள்ள கால் வளர்ந்துடுமே என்பாய். பரவாயில்லை, அனுப்பு.

அடுத்த விமானம் வந்துவிட்டது, ஓடுகிறேன். மெக்கானிக் இதைச் சொல்லிச் சிரித்தால் நீயும் சிரித்துவிடு. தினம் இருநூறு பெல்ட்டை மடித்து வைக்கிறவருக்கா கழட்டத் தெரியாது என்று மட்டும் கேட்டுவிடாதே.

பாப்பா அப்பா