என் வளைகாப்புச் சோற்றை நானே சமைத்தேன்

மரக்காணம்,
ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆஷ்லின் எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம், அங்கு நீ நலமா என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அது வரவில்லை. நான் நலமாக இல்லை. எட்டு மாத வயிறும் வீங்கின காலும் எல்லாருக்கும் வருவதுதான், அதைச் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது சிக்னல் போனதால் இல்லை. நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு நீ பதினொரு தடவை கூப்பிட்டாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பதிமூன்று வருஷமாக நம் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் அந்த வேலை நடக்காது பார். நீ எவ்வளவு அழுதாலும் நான் எழுதினது எழுதினதுதான். கோட்டக்குப்பம் ஹபீபுல்லா பாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். தாய் இல்லாத வீட்டுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை, நல்லவேளை. வந்த மறுநாளிலிருந்து அடுப்படியில் நான்தான் நிற்கிறேன். உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை தொடங்கிவிட்டது. விடிவதற்குள் அப்பாவுக்குத் தூக்குவாளி கட்ட வேண்டும். நானே பார்த்துக்கிறேன், நீ படு என்கிறார். அவர் கஞ்சி வடித்தால் பாதிச் சோறு கஞ்சியோடு போய்விடுகிறது. உன் மருமகன் பிரிட்டோ சனிக்கிழமைதோறும் பிரம்மதேசத்திலிருந்து பைக்கில் வந்து பார்த்துவிட்டு, நான் செய்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பிள்ளைத்தாய்ச்சி சமைக்க, எல்லாரும் சாப்பிடுகிறோம்.

நீ கிளம்பின நாளில் எனக்குப் பன்னிரண்டு வயது. புயலில் கூரை போன வீட்டைக் கட்ட வேண்டும் என்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாய். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போவதற்கு முந்தின நாள் என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னாய். ரேஷன் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது, சிலிண்டருக்கு எப்படிப் பதிவது, பருப்பு வேக எத்தனை விசில், எல்லாம். ஒன்றை மட்டும் சொல்லாமல் போய்விட்டாய். உப்பளத்துக்குப் போகிற சோற்றில் பாதி உப்புதான் போட வேண்டும் என்பதை.

மூன்று மாதம் நான் முழு உப்புப் போட்டுத்தான் கொடுத்தனுப்பினேன். அப்பா வாயே திறக்கவில்லை. தூக்குவாளி காலியாகத் திரும்பி வரும். ஆகா, நம் சமையல் தேறிவிட்டது என்று எனக்குப் பெருமை. அப்புறம் ஒருநாள் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிற அம்சவல்லி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உங்கப்பா சோத்துல தண்ணிய ஊத்தி அலசிட்டுத் துன்றாரு பாப்பா. அங்க காத்தே உப்பு, ஒதடெல்லாம் உப்பு. அதுக்கு மேல நீ வேற போட்டா மனுசன் எப்டித் துன்னுவாரு? உனக்கு யாருமே சொல்லலியா?" என்றாள். யார் சொல்வது? அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, சமையல் எப்படிப் போகிறது கண்ணு என்று கேட்டாய். சூப்பராகப் போகிறது என்றேன். நான் உனக்குச் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு கை தானாகவே உப்பைக் குறைத்துப் போடப் பழகிவிட்டது, யாருக்குச் சமைத்தாலும்.

காலேஜ் முடித்துக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போனேனே, அங்கேயும் ஒரு பொய் இருக்கிறது. எனக்கு ரிசப்ஷனில்தான் வேலை. ஒருநாள் சமையல்கார அண்ணன் வராமல் போக, நான் போய் நின்று முருங்கைக்கீரைப் பொரியலும் எறா தொக்கும் செய்தேன். தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி அடுப்படிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மா கற்றுக்கொடுத்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யூடியூப்பில் எந்த ஊர்க்காரியோ சொன்னதைப் பார்த்து, நாலு தடவை தீய்த்து, அஞ்சாவது தடவை வந்த தொக்கு அது. ஆனால் அந்த அம்மா அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது வேறு என்ன சொல்வது, எங்க அம்மா இந்நேரம் வேறொரு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்றா?

கல்யாணத்துக்குப் பத்து நாள் வந்தாய். பதினோராவது நாள் விமானம். மாமியார் வீட்டில் நான் வைத்த முதல் குழம்பை அத்தை ஒரு வாய் சாப்பிட்டார்கள். எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து நடுவில் வைத்தார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் அந்தக் கிண்ணம் இருக்கும். குத்திக்காட்டிப் பேசியதில்லை. அந்தோணியம்மாள் என்றால் பிரம்மதேசத்தில் பாதிப்பேர் பயப்படுவார்கள், என்னிடம் அவர்கள் குரலை உயர்த்தினதில்லை.

இனி சொல்லப்போவதை நீ தனியாக உட்கார்ந்து படி.

போன மாதம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு என் வளைகாப்பு. தாய்வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு போக வேண்டும், அது உனக்கே தெரியும். நீ என்ன சொன்னாய்? திண்டிவனத்தில் நல்ல கேட்டரிங் இருக்கிறது, ஆர்டர் கொடுத்துவிடு என்றாய். தாய்வீட்டுச் சோறு ஸ்டிக்கர் ஒட்டின வேனில் வந்து இறங்கினால் அந்த ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று நீ யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். மரக்காணத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு முந்தின நாளே இங்கே வந்தேன். மறுநாள் காலை மூன்று மணிக்கு எழுந்தேன். அம்சவல்லி அக்கா எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அப்பா தேங்காய் துருவினார், கையில் உப்பு வெட்டு, எரிகிறது என்று ஊதி ஊதித் துருவினார். புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, கறிவேப்பிலை, தயிர், சர்க்கரைப் பொங்கல். ஏழையும் நானே கிளறினேன், ஏழு மாத வயிற்றோடு. அப்புறம் பிரிட்டோ ஆட்டோ வைத்து என்னைப் பிரம்மதேசத்தில் கொண்டுபோய் விட்டார். குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், ஒன்றும் தெரியாதவள் போல.

பதினொரு மணிக்கு அப்பா தாம்பாளங்களோடும் அண்டாக்களோடும் வந்து இறங்கினார். ஃபாதர் ஜெபம் சொன்னார். மூடியைத் திறந்தபோது நான் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்தேன் அம்மா. எனக்கே என் மேல் வெறுப்பாக வந்தது. பிரிட்டோவின் பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யார் கையோ தெரியவில்லை, பெத்தவள் சமைத்த மாதிரியே இருக்கிறது என்றார். அப்பா தரையைப் பார்த்தார்.

அடுத்தது அத்தை. புளிசாதத்தை ஒரு வாய் வைத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். வளையல் போடுகிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உப்பு கம்மியா இருக்குது. நீயே செஞ்சியா?" என்றார்கள். தலையாட்டினேன். "எத்தினி மணிக்கு எழுந்த?" மூணு என்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அத்தனை பேர் முன்னால் என் இரண்டு காலையும் அவர்களே தூக்கி அதன் மேல் வைத்தார்கள். அப்புறம் சத்தமாக, எங்க சம்பந்தி வீட்டுச் சோறு, யாரும் இலையில் மிச்சம் வைக்கக்கூடாது என்றார்கள். அப்போதுதான் நான் அழுதேன். எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள். மாமியார் தூக்கி வைத்த காலை நீ தூக்கி வைத்திருக்க வேண்டும்.

போட்டோ அனுப்பினோம். நீ என்ன பதில் அனுப்பினாய் என்று உன் போனை எடுத்துப் பார். "சாப்பாடு சூப்பரா இருக்கே, எந்த கேட்டரிங்?"

அன்றைக்கு அத்தை என்னிடம், அங்கே யார் இருக்கிறார்கள், இங்கேயே பெத்துக்கொள், நான் பத்தியம் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. எங்க அம்மா பிப்ரவரி கடைசியில் வந்துவிடுவார்கள் என்று அத்தனை பேர் நடுவில் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன். நீ அப்படித்தானே சொல்லியிருந்தாய்? உன் வீட்டம்மா இரண்டு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது என்று நீதானே கிறிஸ்துமஸ் அன்று சிரித்துக்கொண்டே சொன்னாய்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீட்டம்மாவின் மகள் நூராவுக்கும் மார்ச் மாதம்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள், அதனால் லீவைத் தள்ளிப்போட்டுவிட்டேன் என்றாய். அவர்கள் தள்ளிப்போடவில்லை. நீயே போட்டாய். ஏன் என்று கேட்டேன். "அவ என் கையால சாப்ட்டு வளந்த பொண்ணு கண்ணு. நான் இல்லன்னா பயந்துடுவா. நீ தைரியசாலி" என்றாய். அதோடு நிறுத்தினாயா? அவளுக்கு நம் ஊர்ப் பிரசவ மருந்து கிளறிக் கொடுக்க வேண்டும், சுக்கு, திப்பிலி, பனைவெல்லமெல்லாம் அங்கே நல்லதாகக் கிடைப்பதில்லை, வாங்கிப் பாயிடம் கொடுத்தனுப்பு என்றும் சொன்னாய். என்னிடம். எட்டு மாதக்காரியிடம். அப்போதுதான் போனை வைத்தேன்.

நூராவுக்கும் என் வயதுதான். நீ அங்கே போனபோது அவளுக்கும் பன்னிரண்டு. அவளுக்கு நீ தட்டில் சோறு போட்டுக் கொடுத்தபோது நான் இங்கே உப்பு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் நின்றேன். அது வயிற்றுப்பாட்டுக்காக, அதை நான் பொறுத்துக்கொண்டேன். இதை யாருக்காகப் பொறுத்துக்கொள்வது? யார் உன்னிடம் என்னைத் தைரியசாலி என்று சொன்னது? நான் உனக்குச் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து உன்னை அப்படி நினைக்க வைத்துவிட்டது. அதில் என் தப்பும் இருக்கிறது. இனிமேல் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை கட்டில் கம்பியை நான் விடவே இல்லை. ஸ்கேன் எடுக்கிற அம்மா, கூட யாரும்மா வந்திருக்காங்க என்று கேட்டார்கள். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். யாரும் இல்லை என்றேன்.

பாய் கொண்டுவரும் பையில் நீ கேட்டதெல்லாம் இருக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வால்மிளகு, எல்லாவற்றையும் நேற்றே காயவைத்து வறுத்து இடித்துச் சலித்துவிட்டேன். இரண்டு டப்பா பொடி, ஒரு கிலோ பனைவெல்லம், அரை லிட்டர் நல்லெண்ணெய். நெய் அங்கே வாங்கிக்கொள்ளலாம். செய்முறையைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும். கம்பிப் பதம் வந்ததும் தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக் கிளற வேண்டும். எண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றி ஊற்றி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு. அந்தத் தாளை உன்னோடு வேலை செய்கிற இலங்கை அக்காவிடம் கொடு. தமிழ் நன்றாகப் படிப்பாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கை இருக்கிற யாரும் கிளறலாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆக, அந்த வீட்டுக்கு மருந்து வந்து சேர்ந்துவிட்டது. நான் எனக்கு இன்னும் இடிக்கவில்லை. இடிக்கவும் மாட்டேன். வளைகாப்புச் சோற்றை நானே சமைத்துக்கொண்டேன், பிரசவ மருந்தையும் நானே கிளறிக்கொள்ள மாட்டேன். எனக்கு மார்ச் பதினொன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். நீ வந்தால் உண்டு, இல்லையென்றால் மருந்தே வேண்டாம்.

பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறது. கோபமாக எழுதியிருந்தாலும் உன் மேல் ஆசை இல்லாமல் எழுதவில்லை. மாதா உன்னை வழித்துணையாக நின்று கூட்டி வரட்டும். நூராவுக்கும் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொள்கிறேன், மனதோடுதான். அவள் பயப்பட மாட்டாள் அம்மா. அவளுக்கு அவள் அம்மா பக்கத்தில் இருக்கிறாள்.

உன் மகள்,
ஆஷ்லின்