கிம்ஹே அரசி நம் ஊர்ப் பெண்ணா, அப்பா?

அன்புள்ள அப்பா,

கிம்ஹே போய்வந்துவிட்டேன். கொரியாவில் நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு, இதய நோயால் பயணம் போக முடியாமல் பார்க்காமலே விட்ட ஊர். அலுவலக வேலையாகப் பூசான் போனபோது ஒரு நாள் மிச்சமிருந்தது. பக்கத்து ஊர்தான், சின்ன ரயில் ஒன்று போகிறது.

நீங்கள் என்னோடு வந்து தங்கிய பிறகு, இங்கே டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் உங்களோடு காலை நடை போன எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆயுத்தா என்ற தேசத்திலிருந்து ஓர் இளவரசி கப்பலில் வந்து, கிம்ஹேயை ஆண்ட சூரோ அரசரை மணந்தாள். கொரியர்கள் சொல்வது இவ்வளவுதான். ஆயுத்தா என்றால் அயோத்தி என்று பலரும் சொல்ல, இல்லை, நம் குமரிப் பக்கத்து ஆய் நாடு என்று நாகர்கோவில்காரரான நீங்கள் சண்டைக்கு நிற்பீர்கள்.

"அயோத்தியில கடலு எங்க கெடக்கு மக்ளே? பின்ன அவ எப்பிடிக் கப்பல் ஏறுவா?"

"கதையில எங்க வேணாலும் ஏறலாம்ப்பா."

அதன் பிறகு மாலைக் காப்பி வரை என்னோடு பேச மாட்டீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். உங்கள் நடைத்துணை செல்வராஜ் அங்கிள் நேற்று போன் செய்தார்.

"நீதான் நேர்ல பாத்துட்டு வந்திருக்கியேம்மா. ஸ்டேஜ்ல ஏறி, எங்கப்பா சொன்னது ப்ரூவ் ஆயிடுச்சுன்னு ஒரே ஒரு லைன் சொல்லிடு."

"ப்ரூவ் ஆகலையே அங்கிள்."

"அட, யாரு செக் பண்ணப் போறா? போன மனுஷனுக்காக ஒரு லைன் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நான் பார்த்ததை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நடுவே, மதிலுக்குள் ஒரு பெரிய புல்மேடு. அதுதான் சூரோ அரசரின் சமாதி. வாயிலில் இரண்டு மீன்களை எதிரெதிராக வரைந்திருக்கிறார்கள். பாண்டியன் மீன் என்று கத்தியிருப்பீர்கள். மீன் இல்லாத கடற்கரை எது என்று நான் கேட்டிருப்பேன். அருங்காட்சியகத்தில் இரும்புக் கவசங்கள். இரும்பால் வாழ்ந்த நாடாம். கப்பல்கள் வந்துபோயிருக்கும், அதுவரை நம்புகிறேன்.

அரசியின் சமாதி தனியே, பைன் மரங்கள் நிற்கும் ஒரு சரிவில். கடலை அடக்க அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் கற்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிவப்போடிய, மூளியான கற்கள். இந்த வட்டாரத்துக் கல் இல்லை என்கிறார்கள். எந்த வட்டாரத்துக் கல் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சரிவில் ஓடிவந்த ஒரு சிறுமி தடுக்கி விழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று அழுதாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். தமிழுக்கும் கொரிய மொழிக்கும் பொது என்று நீங்கள் எப்போதும் முதலில் சொல்லும் சொல். நீங்கள் போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத சொல்லும் அதுதான். கூட வந்த அலுவலகத் தோழி மின்ஜியிடம், குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்டேன்.

மின்ஜி சிரித்தாள். கொரிய மொழியில் தகப்பனும் அப்பாதான். ஆனால் குழந்தை சொன்னது அது இல்லையாம். கொஞ்சம் மூச்சை விட்டுச் சொல்லும் வேறு சொல். "வலிக்குது" என்று அர்த்தமாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாள். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

காதை நம்பிச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. உடனே உங்களிடம் சொல்லி ஜெயிக்க வேண்டும் என்று மனம் துள்ளியது. அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஓரமாக இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்து நானும் அந்தச் சொல்லைச் சொன்னேன். இரண்டில் எதைச் சொன்னேன் என்று மின்ஜி கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகளைக் கடல் தாண்டி அனுப்பிய தகப்பன் நீங்கள். அவ்வளவு தூரம் போன ஒருத்தியை இத்தனை காலம் கழித்தும் பிறந்த ஊர் தேடுகிறது என்று யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? எனக்கா, உங்களுக்கா? அப்போதே கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பீர்கள், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில், நிரூபணமாகவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அங்கிள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். நீங்களும்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டியவரிடம், அவர் பதில் பேச முடியாத நேரம் பார்த்து விட்டுக்கொடுப்பது எனக்கு மரியாதையாகத் தோன்றவில்லை, அப்பா.

தேடுவதை மட்டும் நிறுத்த மாட்டேன். என்றாவது உருப்படியான ஆதாரம் கண்ணில் பட்டால், அதே மேடையில் ஏறி, நான் தோற்றேன் என்று ஊர் கேட்கச் சொல்வேன். இது சத்தியம்.

இன்னமும் உங்களோடு ஒத்துப்போகாத உங்கள் மகள்,
கலா
ரிச்சர்ட்சன், டெக்சாஸ்